எதிர்க்கடைச் சோறு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா, காதை மூடாமல் குளிரில் வெளியே விடாதே. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம்தான். உன் அப்பாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, எனக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, அதனால்தான் எழுத்து இந்த அளவுக்காவது நேராகப் போகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, இந்த வீட்டில் கெட்டுக் கிடப்பது வாய். போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அந்தப் போன் எங்கே கிடக்கிறது என்று உனக்குத் தெரியாதா, கடையில் கல்லாமேல், ஸ்பீக்கரில், உன் அப்பாவின் கைக்குப் பக்கத்தில். நான் அதில் வாயைத் திறந்தால் சாப்பிட வந்தவர்கள் எல்லாம் காய்ந்த கையோடு உட்கார்ந்து கதை கேட்பார்கள். இப்போதெல்லாம் அந்தப் போனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

காலையில் கடைக்குப் போனதும் எனக்கு முதல் வேலை வெங்காயம், ஒரு கூடை. உரித்து நறுக்கி முடிப்பதற்குள் கண்ணும் மூக்கும் ஒழுகி, முந்தானையால் துடைத்துத் துடைத்து முகமே எரியும். அது இல்லாமல் நம் கடையில் ஒரு குழம்பு கொதிக்காது. ஆனால் உன் அப்பாவுக்கு உலகத்திலேயே மட்டமான வார்த்தை அதுதான். கரண்ட் பில் ஏறினால் என்ன வெங்காயத்துக்கு ஏத்துறான் என்பார், செய்தியில் யாராவது பேசினால் பேச வந்துட்டான் பெரிய வெங்காயம் என்பார். நான் உள்ளே பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றிக்கொண்டிருப்பேன், இவர் மார்க்கெட்டில் யாருடனோ மல்லுக்கு நின்றுவிட்டு வந்து அவன் பருப்பு நம்மகிட்ட வேகாது என்பார். அரிசிக்காரர் சொன்ன நாளில் மூட்டை அனுப்பாவிட்டால் அல்வா கொடுத்துட்டான், மாடியில் இருக்கிற பையன் ஒரு பெண்ணோடு நின்று பேசினால் கடலை போடுறான், காரியம் முடிந்ததும் கண்டுகொள்ளாமல் போனவன் கறிவேப்பிலையாத் தூக்கிப் போட்டுட்டான். நல்லவனாக ஒருத்தன் இருந்தால் அவன் பழம், கொஞ்சம் மந்தமாக இருந்தால் வெண்ணெய், பரீட்சையில் ஒன்றும் வாங்காத பிள்ளை முட்டை. தின்கிற பொருள் ஒன்றைக்கூட அந்த மனிதர் விட்டு வைக்கவில்லை. கல் பொறுக்கி, மண் போகக் கழுவி, பதமாக வேகவைக்கிறது நான், அதையே எச்சில் பண்ணித் தெருவில் துப்புகிறது அவர். ஊரே அப்படித்தானே பேசுகிறது, அப்பா ஒருத்தரா என்று நீ கேட்பாய். ஊரில் பேசுகிறவர்கள் கையில் வெங்காய வாடை அடிப்பதில்லை. நாள் முழுக்க இதையே தொட்டுக்கொண்டு, இதையே வசவாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறவளுக்குத்தான் அந்த அருவருப்பு தெரியும். சில நாள் சோற்றைப் பிசையும்போது யாரையோ திட்டியதை வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

கடைப் பழக்கம் ஒன்று உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. மேஜைக்கு மேஜை சத்தம் கொடுக்கும்போது ஆளைச் சாப்பாட்டால்தான் கூப்பிட முடியும். தையல்காரர் தினமும் ரெண்டு முட்டை வாங்குவதால் அவர் பெயரே ரெண்டு முட்டை, வங்கிக் காவலாளி மோர், பள்ளிக்கூட கிளார்க் கீரை. கீரை கை கழுவப் போயிருக்கு, ரெண்டு முட்டைக்கு இன்னும் சோறு வை என்று சமையல்கட்டு வரைக்கும் குரல் வரும். அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. தையல்காரரே ஒரு நாள் நம் வீட்டுக் கதவைத் தட்டி, யாருங்க என்றதற்கு, நான்தான் ரெண்டு முட்டை வந்திருக்கேன் என்றார். அது தொழில், கடையோடு போகிற சங்கதி. உன் அப்பா அதைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தால் நான் ஏன் புலம்பப்போகிறேன். வீட்டுக்கும் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் தொட்டுக்கொள்ள வருகிறாள் என்று உன் அத்தைக்கு ஊறுகாய் என்று பெயர். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார், அதைக் கையால் எழுத மாட்டேன்.

உன் தம்பிக்கு அவர் வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டும். வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு சின்னவன் நம் கடையில்தான் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். சும்மா இருக்கிறான் என்று உன் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் எடுத்து வருகிறது அவன், அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிப் பரணில் அடுக்குகிறது அவன், மேஜை துடைக்கிறது, பந்தி போல வந்து உட்காருகிற கூட்டத்துக்குப் பரிமாறுகிறது, சாக்கடை அடைத்தால் கையை விட்டு எடுக்கிறது எல்லாம் அவன்தான். எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவான். அவனுக்குப் பெயர் தண்டச்சோறு. ஏய் தண்டச்சோறு தண்ணி வை, தண்டச்சோறு எங்கடா போச்சு. முதலில் அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எப்படியும் அடுத்த மாதம் வேறு வேலை கிடைத்துவிடும், அதுவரைக்கும் தானே என்று இருந்திருப்பான். வேலை கிடைக்கவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. நீயும் அங்கே இருந்துகொண்டு, என்னப்பா தண்டச்சோறு எப்படி இருக்கான் என்று கேட்க ஆரம்பித்தாய். கூடப் பிறந்தவன் நீ. உனக்கு அந்த வார்த்தை நாக்கில் கசக்கவே இல்லையா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது கடையில் நிற்க இடம் இல்லை. சின்னவன் தையல்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். பேத்தி பேசுது எல்லாரும் கேளுங்க என்று உன் அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் சமையல்கட்டு ஜன்னலில் வந்து நின்றேன், எனக்கும் ஆசைதானே. குட்டி மணி அடித்த மாதிரிக் கேட்டாள், தாத்தா, தண்டச்சோறு சித்தப்பா எங்கே என்று. கடை முழுக்க ஒரே சிரிப்பு. தையல்காரருக்குப் புரையேறிப் பருக்கை மேஜையில் சிதறியது. வெளியே கை கழுவிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்கவில்லையே என்று உன் அப்பா எட்டிப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். போனுக்குள்ளே நீ சிரித்ததும் எனக்குக் கேட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று அந்தக் குழந்தையும் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுதான் அவன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அந்தப் பிள்ளைக்குத் தாத்தா, பாட்டி, தண்ணீர், வேண்டாம் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் தமிழ் வரும். அதில் ஒன்று இது. பிள்ளை தமிழ் மறந்துவிடக் கூடாதும்மா என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய் என்னிடம். இதைத்தான் அள்ளிக் கொடுத்திருக்கிறாய். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. பெற்ற பிள்ளைமேல் வெறுப்பாக இருக்கிறது என்று எழுதக் கை கூச வேண்டும், கூசவில்லை, எழுதிவிட்டேன்.

சின்னவன் தையல்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான், சிதறினதைத் துடைத்தான், இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா என்று கேட்டு விட்டுவிட்டு, கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டினான். கூட்டம் குறைந்ததும் நான் அவனுக்குத் தட்டு வைத்தேன், வயிறு சரியில்லைம்மா என்றான். சாயங்காலமும் அதே பேச்சு. சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன், குடித்தான், சோற்றுப் பக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து கேட்டால் வெளியில சாப்பிட்டேன் என்கிறான். எங்கே என்றால் எங்கயோ என்கிறான். ஒரு நாள் மதியம் வெங்காயத் தோலைக் கொட்டப் பின்சந்துக்குப் போனேன், இவன் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது, பின்னாலேயே போனேன். போனால் நமக்கு நேர் எதிரே இருக்கிற கடைக்குள் நுழைகிறான். கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் கைக்காசைக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் நான் ஆக்கினதைப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் எதிர்க்கடையில் போய்த் தின்கிறான். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இதை எனக்கு முன்னாலேயே நம் வாடிக்கைக்காரர்கள் பார்த்துவிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் பிள்ளையே எதிரே போய்ச் சாப்பிடுகிறான் என்றால் இங்கே சட்டியில் என்னவோ விழுந்திருக்கிறது என்றுதானே எவரும் நினைப்பார்கள். முதலில் கீரை வரவில்லை, பிறகு மோர் வரவில்லை, ஜன்னலோர மேஜை மதியத்திலேயே காலியாகக் கிடந்தது. உன் அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எண்ணெய் காறுகிறது என்று டின்னை மாற்றினார், அரிசி பழசு என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினார், தண்ணீரில் வாடை என்று தொட்டியைக் கழுவச் சொன்னார். அதையும் சின்னவன்தான் இறங்கிக் கழுவினான். அப்புறம் என்னோடு அடுப்பில் நிற்கிற சமையல் மாஸ்டரிடம் போனார். இத்தனை வருஷம் நம்மோடு இருக்கிற மனிதரைப் பார்த்து, உனக்கு நாக்கு செத்துப்போச்சு, உப்புச் சப்பில்லாம ஆக்கி வைக்கிறே என்றார். மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, இனிமே உங்க பருப்பை நீங்களே வேக வச்சுக்குங்க என்று இறங்கிப் போய்விட்டார். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேன். உன் அப்பா ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து கரண்டியால் எடுத்து நக்கி நக்கிப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே, எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கெட்டுப்போனது சட்டியில் இருப்பது இல்லை, கரண்டியை நக்குகிற நாக்கு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கடைசியில் தையல்காரர்தான் உடைத்தார். அண்ணே, உங்க பையனே எதிர்லதான் சாப்பிடுறான், அப்புறம் நாங்க எந்த நம்பிக்கையில இங்க உக்காருறது என்று கேட்டுவிட்டார். உன் அப்பா முகம் கறுத்துப்போயிற்று. ஏன் போகிறான் என்று ஒரு வார்த்தை யோசித்தாரா, இல்லை. நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சின்னவனைக் கூப்பிட்டு நிறுத்தி, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா, என் கடை முன்னாடியே எதிராளி கடைக்குப் போறியே என்று கத்தினார். அவன் கையில் தண்ணீர் ஜக் இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, உப்புப் போட்டுத்தாம்பா தின்னேன், அதனாலதான் எந்திரிச்சேன் என்றான். குரல்கூட ஏறவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, ஒரு குடோனில் வேலை சொல்லியிருக்காங்கம்மா, தங்கவும் அங்கேயே இடம், மாசம் பிறந்ததும் போயிடுறேன் என்றான். எவ்வளவு தூரம் என்றேன். வரப்போக முடியாத தூரம்தான். எனக்கு இருக்கிறது ரெண்டு பிள்ளைகள், ஒருத்தன் கடல் தாண்டிப் போயாயிற்று. மற்றவன் இதே சமையல்கட்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டே எனக்குத் தூரமாகப் போயிருக்கிறான், அதுவே எனக்குத் தாங்கவில்லை, இனி நிஜமாகவே போகப்போகிறான். வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம், அன்றைக்கு எனக்குக் கரைந்தது.

மறுநாள் மதியம், நல்ல கூட்ட நேரத்தில், அடுப்பை மாஸ்டரிடம் விட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். சந்து வழியாகப் போகவில்லை, நம் கடை முன்வாசல் வழியாகவே இறங்கி, கல்லாவில் உன் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, தெருவைக் குறுக்கே கடந்து எதிர்க்கடைக்குள் போனேன். அந்தக் கடைக்காரருக்கு என்னைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு சாப்பாடு என்றேன். அன்றைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னவன் நகர்ந்து இடம் விட்டான், நீ ஏம்மா வந்தே என்று கேட்டான், பசிக்குது என்றேன். தட்டு வந்தது. அதைச் சாப்பாடு என்று எப்படி எழுதுவேன். சோறு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, குழம்பில் காய் வேகவில்லை, எண்ணெய் எத்தனை நாள் சுட்டதோ, கறுத்துக் காறல் அடிக்கிறது, தட்டின் விளிம்பில் யாரோ தின்ற மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வாயைத் தண்ணீர் விட்டுத்தான் விழுங்கினேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான். என் கையால் ஆக்கிப் போட்டது அவனுக்கு இறங்கவில்லை, இந்தக் கண்றாவி இறங்குகிறது. இங்கே அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, தம்பி இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். நானும் குமட்டலை அடக்கிக்கொண்டு முழுத் தட்டையும் சாப்பிட்டேன். அழுதேனா என்று கேட்காதே, வெங்காயம் நறுக்குகிறவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருவது புதிது இல்லை.

வெளியே வந்தால் உன் அப்பா நடுத்தெருவில் நிற்கிறார், முழங்கால் வலியோடு இறங்கி வந்துவிட்டார். ரெண்டு கடை வாசலிலும் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சின்னவனைப் பார்த்துக் கையை நீட்டி ஏய் என்றார், அதற்கு மேல் வரவில்லை. கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறார், அவர் வாயில் அவனுக்கென்று இருந்த ஒரே பெயர் அதுதான், அதை அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை, வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் திரும்பிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, இவ்வளவு நாள் பேசின வாய்க்கு இது வேண்டும் என்றும் இருந்தது. அன்றிலிருந்து கடையில் யாரையும் சாப்பாட்டுப் பெயர் சொல்லி அவர் கூப்பிடவில்லை, மூணாம் மேஜை, நாலாம் மேஜை என்று முனகுகிறார். திருந்திவிட்டார் என்று நான் எழுத மாட்டேன், பயந்திருக்கிறார், அவ்வளவுதான். தையல்காரருக்குத் தன்னை யாரும் ரெண்டு முட்டை என்று கூப்பிடவில்லை என்று வருத்தமாம்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சின்னவனுக்குத் தனியாகப் போன் பண்ணி, சும்மா விளையாட்டுக்குத்தானேடா என்று சமாதானம் சொல்லாதே, அது எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கும். ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கத்தான் மாற்ற வேண்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகக் கூப்பிடுகிற அதே மதிய நேரத்தில் கூப்பிடு. போன் கல்லாமேல்தான் இருக்கும், சத்தமாகத்தான் இருக்கும். நீ பேசி முடித்ததும் குட்டியிடம் கொடு. அதற்குள் அவளுக்கு ரெண்டே வார்த்தை சொல்லிக்கொடுத்து வை, சித்தப்பா, சாப்பிட்டீங்களா. முன்னால் ஒன்றும் ஒட்டாமல் வெறும் சித்தப்பா. அவளுக்குத் தெரிந்த தமிழில் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு இதைப் போடு, பிள்ளைகள் சீக்கிரம் மாற்றிக்கொள்ளும், பெரியவர்களுக்குத்தான் ஆகாது. அவன் என்ன பதில் சொல்வானோ எனக்குத் தெரியாது. ஆனால் அவன் அவளுக்குப் பொய் சொல்ல மாட்டான். இல்லை என்று சொன்னானானால், நான் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலில் தயாராக நிற்பேன். அது நடந்தால் நீ என் வயிற்றில் பால் வார்த்தவன் ஆவாய்.

மருமகளுக்கு என் அன்பைச் சொல். குட்டிக்குப் பாட்டி முத்தம் கொடுத்தாள் என்று சொல், காதை மூடு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நீயும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் எழுதின வாயால்தான் இதையும் சொல்கிறேன், இரண்டும் நிஜம்தான். மாசம் பிறக்க அதிக நாள் இல்லை, ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அதுவரைக்கும் மதியத்தில் அவனோடு நானும் எதிர்க்கடையில்தான் உட்காருகிறேன், அந்த எண்ணெய் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

இப்படிக்கு,
இன்றைக்கும் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வந்து எழுதுகிற
உன் அம்மா